மாத்திரையும் காலமும்: நுரையீரற் புற்றுநோய் ஆராய்ச்சியில் சீர்க்கால மருத்துவம்

1. முன்னுரை

எழுத்தொலியின் கால அளவை மாத்திரை என்று தமிழிலக்கணம் கூறும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது பள்ளி மாணவரும் அறிந்த கணக்கு. இச்சொல்லே மருத்துவத்தில் அளவிட்டு உருட்டித் தரப்படும் மருந்துக்கும் பெயராக வழங்குகின்றது. ஒரு துறையில் காலத்தையும் மற்றொரு துறையில் மருந்தையும் ஒரே சொல் குறித்து வருதல் நோக்கத்தக்கது.

மருந்தின் அளவு என்பது எடையா, காலமா, இரண்டும் கூடியதா என்னும் வினா, புற்றுநோய் ஆராய்ச்சியில் சென்ற கால் நூற்றாண்டாக எழுந்து நிற்கின்றது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேரளவாகத் தரும்போது ஒரு தொழிலைச் செய்யும் மருந்து, சிற்றளவாக அடுத்தடுத்துத் தரும்போது வேறொரு தொழிலைச் செய்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வேறு தொழில்களுள் ஒன்று உடலின் நோயெதிர்ப்பு அணுக்களுக்குச் சைகை தருதல். அச்சைகை எவ்வாறு எழுகின்றது, நுரையீரற் புற்றுநோயில் அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருளுக்கு இடமுண்டோ என்று சிலர் வினவலாம். உண்டு என்பதே எம் கருத்து. அறிவியலைத் தமிழில் எழுதும் பொறுப்பும், பிறர் எழுதியதைத் திருத்தும் பொறுப்பும் தமிழ் கற்றோர்பால் வந்து சேர்கின்றன. 'குறைந்த அளவு மருத்துவம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டால், குறைந்த மருந்தே போதும் என்று படிப்போர் கொள்ளக்கூடும். மருத்துவர் வகுத்த மருந்தைத் தாமே பாதியாக்கிக்கொள்ளும் நோயாளிக்கு அச்சொல் ஒரு காரணமாக அமைந்துவிடலாம். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு நுரையீரற் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 18 லட்சம் பேர் அந்நோயால் இறந்தனர். புற்றுநோய்களுள் மிகுதியான உயிர்களைக் கொள்வது இதுவே. இத்தகைய நோயைப் பற்றி எழுதும்போது சொற்பிழை வெறும் சொற்பிழையாக நின்றுவிடுவதில்லை.

2. பேரளவு முறையின் வரலாறு

புதியதன் இயல்பை அறியப் பழையதை முதற்கண் அறிதல் வேண்டும். கீமோதெரபி என வழங்கும் வேதிமருத்துவம் போர்க்கள நச்சுப்பொருளிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்பிரட் கில்மன் என்னும் இரு மருந்தியல் அறிஞர், நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் நச்சுப்பொருள் நிணநீர் அணுக்களை அழிப்பதைக் கண்டு, 1942இல் அதனை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு அளித்தனர். போர்க்கால மறைபொருளாக இருந்த அச்செய்தி 1946இல்தான் வெளியாயிற்று. 1948இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தினால் குழந்தைகளின் இரத்தப்புற்று சிறிது காலம் தணிவதைக் காட்டினார்.

இம்மருந்துகளை எவ்வளவு தருதல் வேண்டும் என்பதற்குக் கணக்குமுறையான விடை தந்தவர் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் ஆய்வு செய்த ஹோவர்டு ஸ்கிப்பர். சுண்டெலிகளின் இரத்தப்புற்றை ஆராய்ந்த அவரும் அவர் குழுவினரும் 1964இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். குறிப்பிட்ட அளவு மருந்து ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அணுக்களைக் கொல்வதில்லை. இருப்பவற்றுள் குறிப்பிட்ட பங்கைக் கொல்கின்றது என்பது அக்கோட்பாடு. 100 கோடிப் புற்றணுக்கள் உள்ள இடத்தில் 1000க்கு 999 வீதம் அழிந்தாலும் 10 லட்சம் அணுக்கள் எஞ்சும். அவ்வெலிகளில் எஞ்சியது ஓர் அணுவாயினும் அது பெருகி உயிரைக் கொல்லவல்லதாக இருந்தது. ஆதலின் உடல் தாங்கும் உச்ச அளவைத் தருதலே முறை என்னும் எண்ணம் வேரூன்றியது.

உச்ச அளவுக்கு ஒரு விலை உண்டு. விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்து, எலும்பு மஜ்ஜையில் பெருகும் இரத்த அணுக்களையும் தாக்குகின்றது. வெள்ளணுக்கள் குறைந்து பின் மீள்வதற்கு உடலுக்கு ஓய்வு வேண்டும். நுரையீரற் புற்றுநோயில் சிஸ்பிளாட்டின் முதலிய மருந்துகளைப் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை தருவது இதனாலேயே. ஈண்டு ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும்: இம்முறையில் அளவை வகுப்பது மருந்தின் ஆற்றல், இடைவெளியை வகுப்பது மஜ்ஜையின் மீட்சி. இடைவெளி, மருந்துக்குரிய ஓய்வு மட்டுமேயன்றி அதன் தொழிலில் ஒரு கூறாகக் கருதப்படவில்லை.

3. இடைவெளியைப் பற்றிய புதுக் கேள்வி

இடைவெளியில் என்ன நிகழ்கின்றது என்னும் கேள்வியை எழுப்பியது ஜூடா ஃபோக்மனின் ஆய்வுக்கூடம். புற்றுக்கட்டி வளர்வதற்குப் புதிய இரத்தக்குழாய்கள் தேவை என்னும் கருத்தை 1971இல் வெளியிட்டவர் அவர். அவருடன் பாஸ்டனில் பணியாற்றிய திமோதி பிரவுடர் முதலியோர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புற்றணுக்களேயன்றி அவற்றுக்கு உணவூட்டும் குழாய்களின் உட்புற அணுக்களும் மருந்தினால் அழிகின்றன. ஆயின் நீண்ட ஓய்வுக்காலத்தில் அக்குழாயணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன என்று அவர்கள் கருதினர். நைட்ரஜன் மஸ்டர்டின் வழித்தோன்றலாகிய சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை, நீண்ட ஓய்வின்றி 6 நாளுக்கு ஒருமுறை சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, அம்மருந்துக்கு இணங்காது வளர்ந்த புற்றும் கட்டுப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட புற்றுகளுள் ஒன்று, லூயிஸ் நுரையீரற் புற்று என்னும் சுண்டெலிப் புற்று. நுரையீரற் புற்றுக்கும் இம்முறைக்கும் உள்ள தொடர்பு தொடக்கத்திலேயே அமைந்ததாகும்.

அதே ஆண்டில் டொராண்டோவின் ராபர்ட் கெர்பல் குழுவினர், வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைச் சிற்றளவாகத் தொடர்ந்து கொடுத்து, குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் உடன் சேர்த்து ஒத்த பயனைக் கண்டனர். இவ்விரு ஆய்வுகளையும் விளக்கி டக்ளஸ் ஹனஹன் முதலிய மூவர் எழுதிய கருத்துரையில் இம்முறைக்கு 'மெட்ரோனமிக்' என்னும் பெயர் இடப்பட்டது. மெட்ரோனம் என்பது இசை பயில்வோர் காலப்பிரமாணம் தவறாமைக்கு வைத்துக்கொள்ளும் கருவி. கிரேக்க மொழியில் அளவு, ஒழுங்கு என்னும் பொருள்படும் இரு சொற்களால் ஆயது அதன் பெயர். அடுத்தடுத்துச் சீரான இடைவெளியில் தட்டுதல் அதன் தொழில்.

இப்பெயரின் உயிர் 'குறைவு' என்பதில் இல்லை, 'ஒழுங்கு' என்பதில் உள்ளது. ஆதலின் இதனைச் 'சீர்க்கால மருத்துவம்' என்று யாம் வழங்குகிறோம். சீர் என்னும் சொல் ஒழுங்கையும் குறிக்கும், செய்யுளில் அடியை அளக்கும் உறுப்பையும் குறிக்கும். வரையறுத்த அளவு வரையறுத்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருதல் என்னும் கருத்தை அச்சொல் தாங்கவல்லது.

4. குறைந்தது எது?

'குறைந்த அளவு' என்னும் தொடர் எத்துணை மயக்கம் தரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். வினோரெல்பின் என்பது நுரையீரற் புற்றுநோய்க்கு வாய்வழியாகவும் தரப்படும் மருந்து. நம் ஊர்களில் நித்தியகல்யாணி என்று வழங்கும் செடியின் வேதிப்பொருள்களை அடிப்படையாகக் கொண்டு ஆக்கப்படுவது. வழக்கமான முறையில் இது வாரத்துக்கு ஒருமுறை, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் முதல் மூன்று வாரம் 60 மி.கி., பின்னர் 80 மி.கி. என்ற கணக்கில் தரப்படும். சீர்க்கால முறையில் திங்கள், புதன், வெள்ளி என வாரத்துக்கு மூன்று முறை, உடற்பரப்பைக் கணக்கிடாது 50 மி.கி. தரப்படும்.

உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவரைக் கொள்வோம். வழக்கமான முறையில் அவருக்கு முதலில் வாரத்துக்கு 96 மி.கி.யும் பின்னர் 128 மி.கி.யும் சேரும். சீர்க்கால முறையில் வாரத்துக்கு 150 மி.கி. சேரும். அஃதாவது ஒரு வேளைக்குரிய அளவே குறைந்தது. ஒரு வாரத்துக்குரிய அளவு குறையவில்லை, கூடியிருக்கின்றது. எல்லா மருந்துகளுக்கும் இக்கணக்கு இவ்வாறே அமையும் என்பதன்று. சிலவற்றில் மொத்த அளவும் குறையும். ஆயினும் 'குறைந்த மருந்து' என்னும் பொருள் இம்முறையின் இலக்கணம் ஆகாது என்பதற்கு இவ்வொரு சான்றே போதும். வேளையளவு, மொத்த அளவு, இடைவெளி என்னும் மூன்றையும் தனித்தனியே கூறினாலன்றித் தமிழில் இம்முறையை விளக்கியவர் ஆகோம்.

5. நோயெதிர்ப்புச் சைகைகள்

இரத்தக்குழாய் என்னும் ஒரு வாயிலின் வழியாகத் தொடங்கிய ஆராய்ச்சி, சில ஆண்டுகளில் நோயெதிர்ப்பு என்னும் மற்றொரு வாயிலைக் கண்டது. அதனை மூன்று கூறாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, தடையை நீக்குதல். நம் உடலையே தாக்கிவிடாதபடி நோயெதிர்ப்பை அடக்கி ஆளும் ஒருவகை டி-அணுக்கள் உள்ளன. ஒழுங்குறுத்தும் டி-அணுக்கள் எனப்படும் இவற்றைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சிக்கும், இத்துறையில் உழைத்த அமெரிக்க அறிஞர் இருவர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நலமுள்ள உடலுக்குக் காவலாகிய இவ்வணுக்கள் புற்றுக்கட்டியில் திரளும்போது புற்றுக்கே காவலாகிவிடுகின்றன. பிரான்சின் ஃபிரான்சுவா கிரிங்கெல்லி முதலியோர், முற்றிய புற்றுநோயாளர் சிலருக்குச் சைக்ளோபாஸ்பமைடை 50 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் தந்து, மறுவாரம் நிறுத்தி, இவ்வாறு மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, அவ்வடக்கும் அணுக்கள் குறைந்தன என்றும், புற்றை எதிர்க்கும் அணுக்களின் ஆற்றல் மீண்டது என்றும் 2007இல் காட்டினர். அளவு மிகுந்தால் அடக்கும் அணுக்களோடு அடக்கப்படும் அணுக்களும் சேர்ந்து அழியும். ஆதலின் இத்தேர்ந்தழிக்கும் தன்மை சிற்றளவுக்கே உரியதாகும்.

இரண்டாவது, இறக்கும் அணு தரும் சைகை. அணுக்கள் நாள்தோறும் ஓசையின்றி இறக்கின்றன. நோயெதிர்ப்பு அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் சில மருந்துகளால் இறக்கும் புற்றணுக்கள் இறக்குமுன் மூன்று அடையாளங்களைக் காட்டுகின்றன. உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்னும் புரதம் மேற்பரப்புக்கு வருகின்றது, ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் வெளியே கசிகின்றது. அணுக்கருவில் உறைந்த மற்றொரு புரதம் வெளியேறுகின்றது. இவற்றைக் கண்டு வரும் விழுங்கணுக்கள் இறந்த அணுவின் கூறுகளை எடுத்துச் சென்று டி-அணுக்களுக்குக் காட்டுகின்றன. பாரிசை அடுத்த வில்ஜுவிஃபில் கிடோ குரோமர், லாரன்ஸ் சிட்வோகல் ஆகியோர் 2005 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதனை விளக்கின. எல்லா மருந்துகளும் இச்சைகையைத் தருவதில்லை. நுரையீரற் புற்றுநோய்க்குத் தலையாய மருந்தாகிய சிஸ்பிளாட்டின், கால்ரெட்டிகுலினை மேற்கொணர்வதில் குறைபாடுடையது. அதன் இனமாகிய ஆக்ஸாலிபிளாட்டின் அதனைச் செய்கின்றது. இனம் ஒன்றாயினும் சைகை வேறு.

மூன்றாவது, இடம் மாறிய மரபுப்பொருள் தரும் சைகை. டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் அணுக்கருவினுள் இருத்தல் இயல்பு. மருந்தினால் சிதைந்த டி.என்.ஏ.யின் துண்டுகள் கருவுக்கு வெளியே வந்துவிட்டால், அணு அதனை நோய்க்கிருமி புகுந்ததற்கு அடையாளமாகக் கொள்கின்றது. இதனை உணரும் புரதத்துக்குச் சீகேஸ் என்று பெயர். டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ஜிஜியான் சென் குழுவினர் இதனை 2013இல் அறிவித்தனர். சீகேஸ் ஒரு சிறு மூலக்கூற்றை ஆக்குகின்றது. அது ஸ்டிங் என்னும் மற்றொரு புரதத்தைத் தூண்டுகின்றது. ஸ்டிங் தூண்டப்பட்டதும் இன்டர்ஃபெரான் சுரக்கின்றது. அதனைத் தொடர்ந்து டி-அணுக்களை அழைக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தார், டி.என்.ஏ.யைச் சீர்செய்யும் வழியைத் தடுக்கும் ஒரு மருந்தோடு சிற்றளவு ஜெம்சைட்டபினைச் சேர்த்து, சிறு அணு நுரையீரற் புற்றுடைய சுண்டெலிகளுக்கு நோயெதிர்ப்பு மருந்தையும் அளித்தபோது புற்றின் சூழல் மாறுவதை 2019இல் வெளியிட்டனர்.

6. சைகையும் கேட்கும் செவியும்

இதுகாறும் கூறியவற்றால் சிற்றளவு மருந்து கொடுத்தால் நோயெதிர்ப்பு தானே எழும் என்று முடிவு செய்தல் கூடாது. அம்முடிவைத் தடுக்கும் ஆய்வுகள் மூன்றனை ஈண்டுக் காட்டுவோம்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் வாக்ஸ்மன் குழுவினர் சைக்ளோபாஸ்பமைடை 6 நாளுக்கு ஒருமுறை தந்து சுண்டெலிகளின் மூளைப்புற்றை ஆராய்ந்தனர். நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டியினுள் திரண்டன, கட்டி கரைந்தது. இடைவெளியை நீட்டியபோது அவ்வெழுச்சி நிலைக்கவில்லை. இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளை உடன் சேர்த்தபோது பயன் கூடும் என எதிர்பார்த்தற்கு மாறாக, நோயெதிர்ப்பு அணுக்கள் வருவதே தடைப்பட்டது என்று 2012இல் அவர்கள் அறிவித்தனர். இம்முறை குழாய்களை அழிப்பதனாலேயே பயன் தருகின்றது என்னும் முதற்கருத்து எல்லா இடத்தும் பொருந்தாது என்பது இதனால் விளங்கிற்று.

அக்குழுவினரே 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எம் பொருளுக்கு இன்னும் அணித்து. அதே இனச் சுண்டெலி, அதே மருந்து, அதே 6 நாள் இடைவெளி. மூளைப்புற்றில் நோயெதிர்ப்பு எழுந்தது. லூயிஸ் நுரையீரற் புற்றில் எழவில்லை. அந்நுரையீரற் புற்றணுக்கள் மருந்தின் நச்சுக்கு அழிபவையே; ஆயினும் அவ்வழிவு சைகையாக மாறவில்லை. 2000ஆம் ஆண்டில் குழாய்வழிப் பயனைக் காட்டிய அதே புற்று, நோயெதிர்ப்பு வழியில் வாய்திறவாது நின்றமை நோக்கத்தக்கது.

மனிதரின் நுரையீரற் புற்றிலும் இத்தகைய செவிட்டுத்தன்மை உண்டு. கே-ராஸ் என்னும் மரபணு மாற்றத்தோடு எல்.கே.பி.1 என்னும் மரபணுவின் இழப்பும் சேர்ந்த புற்றணுக்களில் ஸ்டிங் புரதமே அடக்கப்பட்டுவிடுகின்றது என்று பாஸ்டனின் டேனா-ஃபார்பர் நிலையத்தார் 2019இல் காட்டினர். சைகை எழுந்தாலும் அதனைக் கேட்கும் செவி அவ்வணுவில் இல்லை. மேலும், இடையறாது எழும் சைகை நன்மையே செய்யும் என்பதும் துணிபன்று. நிலையற்ற குரோமோசோம்களையுடைய புற்றணுக்கள், கருவுக்கு வெளியே ஓயாது கசியும் டி.என்.ஏ.யின் சைகையைத் தாம் பரவுவதற்கே பயன்படுத்திக்கொள்ளுதல் 2018இல் கண்டறியப்பட்டது. ஆகவே அளவு, இடைவெளி, மருந்தின் இனம், புற்றின் இயல்பு என்னும் நான்கும் ஒத்த இடத்தேதான் மருந்து சைகையாகும்.

7. நோயாளரிடம் கண்டவை

சுண்டெலியிலிருந்து மனிதருக்கு வருவோம். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 43 நுரையீரற் புற்றுநோயாளர்க்கு, முன் கூறிய 50 மி.கி. வினோரெல்பின் முறையைத் தந்து இத்தாலிய மருத்துவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 18.6 விழுக்காட்டினர்க்குக் கட்டி சுருங்கியது. சுருங்கியோரும் நோய் வளராது நின்றோரும் சேர்ந்து 58.1 விழுக்காட்டினர். முதுமையால் பேரளவு மருந்தைத் தாங்காதவர்க்கு இஃதொரு வழி என்பது பெறப்பட்டது. ஆயினும் இவ்வாய்வில் ஒப்பிட்டு நோக்குதற்கு மற்றொரு குழு இல்லை. பிளாட்டின மருந்துகளைத் தாங்கவியலாத நோயாளரை இரு குழுவாகப் பிரித்து, சீர்க்கால வினோரெல்பினையும் வாரமுறை வினோரெல்பினையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியாயிற்று. வெள்ளணுக் குறைவு முதலிய கடுமையான தீங்குகள் சீர்க்கால முறையில் குறைந்தன, வாழ்நாள் நீளவில்லை. இதனைத் தோல்வி என்றல் பொருந்தாது. எஞ்சிய நாட்களை வீட்டில், தீங்கு குறைந்து, மாத்திரை வடிவில் மருந்துண்டு கழித்தல் நோயாளர்க்கு ஒரு பயனே. ஆயின் நோயெதிர்ப்பு எழுந்து புற்று கரைந்தது என்பதற்கு இவற்றுள் சான்றில்லை.

வேதிமருந்தையும் நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்துத் தருதல் நுரையீரற் புற்றுநோயில் இன்று நிலைபெற்ற முறையாகும். டி-அணுவின் கைகளைக் கட்டும் பிடி-1 என்னும் தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப் என்னும் மருந்தைப் பேரளவு வேதிமருந்தோடு சேர்த்தபோது, ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 49.4 விழுக்காட்டிலிருந்து 69.2 விழுக்காடாக உயர்ந்தனர் என்று 616 நோயாளரைக் கொண்ட ஆய்வு 2018இல் காட்டியது. இங்கே பேரளவும் மூன்று வார இடைவெளியுமே கையாளப்பட்டன என்பதை மறத்தல் கூடாது. பேரளவு முறை நோயெதிர்ப்புக்கு முற்றும் பகை என்னும் எளிய கருத்தை இவ்வாய்வு மறுக்கின்றது. சீர்க்கால முறை இதனினும் மேம்பட்டதா என்பதை அறிய இரண்டையும் நேர்நிறுத்தி ஒப்பிடுதல் வேண்டும்.

நுரையீரலுக்கு அயலாகிய தலை, கழுத்துப் புற்றுநோயில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் செய்த இரு ஆய்வுகள் இவ்வொப்பீட்டுக்கு வழிகாட்டுவன. வாய்வழி மெத்தோட்ரெக்சேட்டு, செலிகாக்சிப் என்னும் மலிவான மருந்துகளைச் சீர்க்கால முறையில் 2020இல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டனர். 422 நோயாளரைக் கொண்ட அவ்வாய்வில் சீர்க்காலக் குழுவினரின் இடைநிலை வாழ்நாள் 7.5 மாதம், சிஸ்பிளாட்டின் குழுவினரின் வாழ்நாள் 6.1 மாதம். பின்னர் எர்லோடினிப் என்னும் மருந்தையும் கூட்டிய சீர்க்கால முறையோடு, நிவோலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை 20 மி.கி. என்னும் மிகச் சிற்றளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்தனர். இம்மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. 2023இல் வெளியான அவ்வாய்வில் 151 நோயாளர் பங்குகொண்டனர். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர்.

இரண்டாம் ஆய்வு எதனை நிறுவியது என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். இரு குழுவினரும் சீர்க்கால மருந்தைப் பெற்றனர். ஒரு குழுவினர் மட்டுமே நிவோலுமாபைப் பெற்றனர். ஆகவே உயர்வுக்குக் காரணம் நிவோலுமாப் என்பதே நிறுவப்பட்டது. சீர்க்கால மருந்து அதற்கு நிலத்தைப் பண்படுத்தித் தந்தது என்பது ஏற்புடைய கருதுகோளே. ஆயின் அவ்வாய்வு அதனைச் சோதிக்குமாறு அமைக்கப்படவில்லை. தலை, கழுத்துப் புற்றில் கண்டதை நுரையீரற் புற்றுக்கு ஏற்றிக் கூறுதலும் ஆகாது. ஒரே மருந்து சுண்டெலியின் இரு புற்றுகளில் இருவேறு விளைவு தந்தமையை முன்னரே கண்டோம்.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். மருந்தின் அளவு என்பது எடையும் காலமும் கூடியது. இடைவெளி மாறினால் மருந்தின் தொழிலே மாறக்கூடும். இது சுண்டெலி ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்ட உண்மை. நோயெதிர்ப்பை எழுப்புதல் அத்தொழில்களுள் ஒன்று. அது மருந்துக்கும் புற்றுக்கும் ஏற்ப வேறுபடும். மனிதரின் நுரையீரற் புற்றுநோயில் சீர்க்கால முறை தீங்கைக் குறைத்தது என்பது ஆய்வில் கண்டது. நோயெதிர்ப்பின் வழியே வாழ்நாளை நீட்டியது என்பது இன்னும் நிறுவப்பட வேண்டியது. இம்மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒரே வினைமுற்றால் எழுதிவிடுதல் தமிழுக்கும் நோயாளர்க்கும் ஒருங்கே செய்யும் தீங்காகும். 'கண்டனர்', 'கருதுவர்', 'எதிர்பார்ப்பர்' என்னும் வினைகளின் வேறுபாட்டை உரையாசிரியரிடம் பயின்ற நாம், அறிவியல் எழுத்திலும் அதனைப் பேணுதல் கடன்.

'குறைந்த அளவு' என்று எழுதுமிடத்து, வேளைக்குக் குறைவா, மொத்தத்தில் குறைவா என்பதைச் சேர்த்தெழுதுக. இடைவெளியைக் கூறாது அளவை மட்டும் கூறாதொழிக. சுண்டெலியிற் கண்டதற்குச் சுண்டெலி என்னும் சொல்லை விடாது எழுதுக. மருந்தின் அளவையும் காலத்தையும் மருத்துவரின் சொல்லின்றி நோயாளர் மாற்றுதல் தகாது என்பதை ஒவ்வொரு விளக்கக் கட்டுரையிலும் ஓர் இடத்தேனும் கூறுக. மாணவர்க்கு யாம் கூற விரும்புவன இவையே.

மாத்திரை என்னும் சொல்லில் காலமும் மருந்தும் சேர்ந்திருப்பது கண்டு, முன்னோர் இம்மருத்துவத்தை அறிந்திருந்தனர் என்று கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. அச்சொல் நமக்குத் தருவது சான்றன்று, ஒரு வசதி. காலத்தை விட்டு அளவைப் பேசாத ஒரு சொல் நம்மிடம் முன்பே உள்ளது. ஒரு மாத்திரை மிகினும் குறையினும் குறில் நெடிலாகி, நெடில் குறிலாகிப் பொருள் வேறாகும் என்பதை அறிந்த மாணவர்க்கு, இடைவெளி மாறினால் மருந்தின் தொழில் வேறாகும் என்பதை விளக்குதல் அரிதன்று.